சூப்பர் கம்ப்யூட்டருக்குக் கோடிகள், நிரலைப் பேணுவோருக்கு?

ஹைதராபாத்தின் வடபுறத்தில் உள்ள போலாரம், குடியரசுத் தலைவர் ஓய்வுக்காக அங்குள்ள ராஷ்டிரபதி நிலையத்தில் வந்து தங்கும் நாட்களில் தேசியச் செய்தியாகிறது. 1860இல் கட்டப்பட்டு, விடுதலைக்குப் பின் நிஜாமிடமிருந்து பெறப்பட்ட மாளிகை அது. அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், பிரகதி நகரில், இந்தியக் கடற்கரை முழுவதற்கும் எச்சரிக்கை விடுக்கும் இன்காய்ஸ் எனப்படும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இயங்குகிறது. கடலே இல்லாத ஊர். கடல் சீறும்போது மட்டுமே இம்மையம் செய்தியாகிறது.

2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டம் ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறிகொடுத்தபோது, இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை அமைப்பே கிடையாது. அதன் பிறகுதான், 2007 அக்டோபரில், இன்காய்ஸ் வளாகத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. பூமி அதிர்ந்த பிறகு கணக்குப் போட்டுக்கொண்டிருக்க நேரமிராது. எனவே சுமத்ரா, மக்ரான் பகுதிகளில் எங்கெங்கு, எவ்வளவு வலிமையில் நிலநடுக்கம் நேரக்கூடும் என்று கருதி, ஜப்பானில் உருவான துனாமி-என்2 என்ற கணினி மாதிரியைக் கொண்டு முன்கூட்டியே கணக்கிட்டுக் கோப்புகளாகச் சேமித்து வைத்துள்ளனர். அதிர்வு பதிவானதும் அதற்குப் பொருந்தும் கோப்பு எடுக்கப்படுகிறது. எந்தக் கரைக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு உயர அலை என்பதை அதுவே சொல்கிறது.

ஆக, எச்சரிக்கையின் தரம் அந்தக் கோப்புகளின் தரத்தைத் தாண்டாது. கடலடி ஆழத்தையும் கரையின் மேடுபள்ளத்தையும் குறிக்கும் தரவுகளே இவற்றுக்கு அடிப்படை. துறைமுகங்கள் விரிகின்றன, தூண்டில் வளைவுகள் எழுகின்றன, மணல் அரிக்கப்படுகிறது. கரை மாறினால் கோப்பும் மாறியாக வேண்டும். மீனவர்களுக்கு அன்றாடம் அலை உயரத்தைக் கூறும் முன்னறிவிப்புக்குப் பயன்படும் வேவ்வாட்ச், ஸ்வான் போன்ற மாதிரிகளும் வெளிநாடுகளில் உருவாகி, அனைவருக்கும் திறந்துவிடப்பட்ட நிரல்களே. மூல நிரல் புதிய பதிப்புக்கு மாறும்போதெல்லாம் நம் கடலுக்கென எழுதிச் சேர்த்த துணை நிரல்களைத் திருத்திச் சரிபார்க்க ஆள் வேண்டும்.

இதே நிலைதான் பல்கலைக்கழகங்களிலும். மும்பை ஐஐடியின் ஃபாஸ்ஸி திட்டம், மத்திய கல்வி அமைச்சகத்தின் நிதியில், விலையுயர்ந்த வெளிநாட்டு மென்பொருட்களுக்கு மாற்றாக சைலேப், டிடபிள்யூசிம், ஓப்பன்ஃபோம் போன்ற கட்டற்ற மென்பொருட்களைக் கல்லூரிகளுக்குக் கொண்டு சென்றது. பாடநூல் கணக்குகளை மாணவர்களே நிரல்களாக எழுதிப் பொதுவில் வைத்தனர். மெச்சத்தக்க பணி. ஆனால் 2017இல் சைலேப் ஆறாம் பதிப்பு உள்கட்டமைப்பையே மாற்றிக்கொண்டு வெளிவந்தபோது, பழைய பதிப்புக்கென எழுதப்பட்ட செருகுநிரல்கள் பலவற்றைத் திருத்த வேண்டியதாயிற்று. எழுதிய மாணவர் பட்டம் பெற்று வேலைக்குப் போய்விட்டால் திருத்துவது யார்?

அரசிடம் பணம் இல்லை என்று சொல்வதற்கில்லை. 2015இல் தேசிய சூப்பர் கம்ப்யூட்டர் இயக்கத்திற்கு 4,500 கோடி ரூபாய் ஒப்புதலளிக்கப்பட்டது. வானிலைக்கான அர்கா, அருணிகா கணினிகள் 850 கோடி ரூபாயில் 2024 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்டன. ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்ட மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். இவையெல்லாம் தேவையே. ஆயினும் இயந்திரத்தைத் தொடங்கிவைக்க விழா நடத்தலாம். பழுதான ஒரு வரி நிரலைத் திருத்தியதற்கு யாரும் விழா எடுப்பதில்லை. அந்தப் பணியோ பெரும்பாலும் திட்டக்காலம் முடிந்ததும் வெளியேற வேண்டிய ஒப்பந்த ஊழியர்களின் தலையில் விழுகிறது. அவர்களுடன் அனுபவமும் வெளியேறுகிறது.

தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது சிலரது வாதம். 2024இல் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரம் அதற்குப் பதில். உலகெங்கும் சர்வர்களில் இருக்கும் அச்சிறு நிரலைத் தனியொரு தன்னார்வலர் களைப்புடன் பேணிவந்தார். உதவுவதாகச் சொல்லி நெருங்கிய ஒருவர், ஈராண்டுகளுக்கு மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து அதில் பின்கதவு வைத்தார். ஒரு பொறியாளர் அரை வினாடித் தாமதத்தைக் கவனித்ததால் உலகம் தப்பியது. ஜெர்மனி 2022லேயே இத்தகைய பொது நிரல்களின் பராமரிப்புக்கென அரசு நிதியம் தொடங்கியிருந்தது.

இந்தியாவில் 2015இல் வெளியான திறமூல மென்பொருள் கொள்கை, அரசுத் துறைகள் இத்தகைய மென்பொருளையே முதலில் பரிசீலிக்க வேண்டும் என்றது. பேணுவோருக்கான நிரந்தரப் பணியிடங்கள் இனியாவது உருவாக வேண்டும். 2023 சட்டத்தால் அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, தான் வழங்கும் ஒவ்வொரு மானியத்திலும் நிரல், தரவுப் பராமரிப்புக்கென ஒரு பங்கை ஒதுக்கலாம். ஆய்வுக் கட்டுரையை எண்ணிப் பதவி உயர்வு தரும் பல்கலைக்கழகங்கள், பத்தாண்டு பேணப்பட்ட நிரலையும் கணக்கில் கொள்ளலாம். அக்கரைப்பேட்டையில் படகை இறக்கலாமா என்று கைப்பேசியைப் பார்க்கும் மீனவருக்கு அந்தக் கோப்பு எந்த ஆண்டில் திருத்தப்பட்டது என்பது தெரியாது. தில்லியில் நிதி ஒதுக்குவோருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.