கட்டற்ற மென்பொருளும் கைநிறை ஊதியமும்

விலையின்றிக் கொடுத்தால் வயிறு நிறையுமா? கட்டற்ற மென்பொருளைப் பற்றிப் பேசுமிடமெல்லாம் நிரலெழுதும் இளைஞர் தொடுக்கும் வினா இது. கட்டறுதல் விலையறுதல் அன்று. மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் யாவர்க்கும் உரிமையுண்டு என்பதே அதன் பொருள்.

அவ்வியக்கத்தைத் தோற்றுவித்த இரிச்சர்டு இசுட்டால்மனே 1985-இல் தம் ஈமாக்சு மென்பொருளை நாடாவிற் பதிந்து 150 தாலருக்கு விற்றார். பேணுதலையும் பழுதுநீக்கலையும் விற்று வளர்ந்த இரெட் ஆட்டு நிறுவனத்தை 2019-இல் ஐ.பி.எம். 3,400 கோடி தாலருக்கு வாங்கிற்று. நிறுவித் தருதலும் பயிற்றுதலும் வேண்டியவாறு மாற்றியமைத்தலும் பொருளீட்டும் வழிகளே.

சாலவாக்கம் அடங்கிய வட்டத்தின் தலையூர் உத்தரமேரூர். பராந்தக சோழன் காலத்திலேயே ஊராட்சி நெறியை யாவரும் காணக் கல்லிற் பொறித்த ஊர் அது. ஏரியைப் பேண வாரியமும் அமைத்திருந்தது. ஏரிநீர் ஊர்ப்பொது, ஆயினும் தூர்வாருவோன் உழைப்புக்குக் கூலியுண்டு. நிரலும் அத்தகையதே.

மூடிய மென்பொருளைத் தமிழாக்க உடையவன் இசைவு வேண்டும். திறந்ததற்கு நம் உழைப்பே போதும். சாலவாக்கத்துக் கடைக்கும் நெல் அரைவை ஆலைக்கும் தமிழிற் கணக்கெழுதும் மென்பொருளை நம் இளைஞர் அமைத்துத் தரட்டும். ஆண்டுதோறும் பேணுதற் கூலி பெறட்டும். அயலான் வாயிலிற் காத்துக் கிடத்தலினும் அது பெருமை. தமிழ் கணினியில் வாழும். தமிழன் தன் ஊரிலேயே வாழ்வான்!