பெருங்குடலை மறந்த புற்றுநோய்த் திட்டம்

மூன்றாண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையம் என்று 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் ஒன்றிய அரசு அறிவித்தது. நல்லதுதான். ஆனால், முற்றிய நோய்க்குக் கீமோ ஏற்றப் படுக்கை போடுகிறவர்கள், நோயை முளையிலேயே பிடிக்க என்ன செய்தார்கள்? அரசின் பரிசோதனைப் பட்டியலில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றுதான். பெருங்குடல் இல்லை.

சிவகாசி வட்டாரத்தில் மலத்தில் ரத்தம் போனால் ‘மூலம்’ என்று தாங்களே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். ‘ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்ற சுவர் விளம்பரம் வழிகாட்டுகிறது. பட்டாசு ஆலையில் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்ப்பவர் பேதி மருந்து குடித்து, மறுநாள் கொலோனோஸ்கோப்பிக்குப் போனால் இரண்டு நாள் கூலி போச்சு.

குடலில் வளரும் எல்லாமே காளான்போலக் காம்பு விட்டு நிற்பதில்லை. சில, உட்சுவரோடு ஒட்டித் தட்டையாகப் படரும். அவசரக் கண்ணுக்குத் தப்பிவிடும். 10 மி.மீ.க்கு மேல் படர்ந்தவற்றைப் பற்றி 2018இல் வந்த தொகுப்பாய்வைப் படித்தவர் நிம்மதியாக இருக்க முடியாது. மேற்பரப்பு சீரான குருணையாக இருந்தால், புற்று அடுத்த அடுக்குக்குள் இறங்கியிருப்பது 0.5% மட்டுமே. குருணைகளுக்கிடையே பெரிய முடிச்சு இருந்தால் 10.5%. குருணையின்றி வழவழப்பாக, நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தால் 31.6%! ஒரே தட்டை வளர்ச்சி. ஆபத்தோ அறுபது மடங்குக்கு மேல். அளவு 20 மி.மீ.யைத் தாண்டினால் இன்னும் கவனம் வேண்டும். அந்தப் பள்ளத்தைக் காட்டிக்கொடுப்பது குழாய் வழியே தெளிக்கும் நீலச் சாயமும் பழகிய கண்ணும்தான்.

‘இந்தியர்களுக்குக் குடல் புற்று குறைவு’ என்பார்கள். தேடாமலேயே குறைவு என்பது சோம்பேறிகளின் வாதம். ஜப்பான் 1992 முதல் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் மலப் பரிசோதனை செய்கிறது. அமெரிக்க நிபுணர் குழு 2021இல் தொடக்க வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்தது. நாம் இன்னும் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. தட்டை வளர்ச்சிகள் ரத்தம் கசியாமலும் இருக்கும் என்பதால் மலப் பரிசோதனையோடு நிறுத்தவும் கூடாது.

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. தட்டை வளர்ச்சியை இனம் காணும் பயிற்சி அங்கிருந்தே தொடங்கட்டும். 45 வயதைக் கடந்த ஒவ்வொரு பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளிக்கும் பரிசோதனை நாள்களுக்குக் கூலியோடு விடுப்பு கொடுங்கள். இந்த இரண்டையும் செய்தால், இந்த மாவட்டத்தில் குடல் புற்று முற்றிய பிறகு கீமோ மையத்துக்கு வருகிறவர்கள் குறைவார்கள்.