கோலைத் திரும்பக் கொடுமின்

பாரிசவாதங் கண்டு தேறிய ஒருவர் மீண்டும் சிலம்பம் பயிலலாமோ என்னும் வினா யான் நூல்நிலையத்தில் கண்டெடுத்ததன்று. நெய்வேலி நகரியத்தில் எங்கள் வீட்டு வாயிலிலேயே எழுந்தது. என் பெரியப்பா பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். எங்கள் வட்டத்துச் சிறுவர்க்கு மாலைதோறும் சிலம்பம் பயிற்றியவர். ஒருநாள் வைகறையில் அவர்தம் வலக்கையும் வலக்காலும் ஒருங்கே சோர்ந்தன, வாய் கோணிற்று, சொற் குழறிற்று.

உடனே உறவினர் ஒருவர், புறாவின் குருதியைப் பூசினால் வாதம் இறங்குமென்று புறாத் தேடப் புறப்பட்டார். இவ்வழக்கம் நம் நாட்டில் இன்னும் முற்றும் ஒழிந்திலது. மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபட்டதாயின், அவ்வடைப்பைக் கரைக்கும் மருந்தை நோய் கண்ட நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்துதல் வேண்டும். புறாப் பிடிக்கும் நேரம் அக்கணக்கினின்றே கழியும். பெரியம்மையார் எவர் சொல்லையும் கேளாது அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். தேவனருளால் உயிரும் தப்பிற்று, உறுப்பும் பெரும்பாலும் தப்பிற்று.

ஆறு திங்களில் அவர் துணையின்றி நடந்தார். நடந்ததும் கோலைக் கேட்டார். அதனைப் பரண்மேல் ஒளித்து வைத்தவன் யானே.

"தண்ணீரின் அழுத்தத்துக்கு அஞ்சிச் சுரங்கத்தை மூடினோமோ? இறைத்துக்கொண்டே வெட்டினோம் அன்றோ? மாத்திரையை நான் தவறாது உண்கின்றேன், கோலை நீ கொடு" என்றார் அவர். நெய்வேலியாரல்லாத அன்பர்க்கு இதனை விளக்கல் வேண்டும். 1957-ஆம் ஆண்டில் அகழ்வு தொடங்கப்பெற்ற அந்நிலத்தில், நிலக்கரிப் படுகையின் கீழே பெருநீர்ப்படுகை ஒன்று மேல்நோக்கி உந்தி நிற்கின்றது. ஆழ்குழாய்களால் இரவும் பகலும் நீரை இறைத்து அவ்வழுத்தத்தைத் தணியாவிடின், சுரங்கத்தின் அடித்தளம் பிளந்து வெள்ளம் புகும். குருதியழுத்தத்தால் வீழ்ந்த ஒருவர் இவ்வுவமையைக் கூறியபோது எனக்கு விடை தோன்றவில்லை.

எம் அச்சம் வீணானதென்று கூறேன். குருதி உறையாதிருக்க மருந்துண்பவர் தலையில் அடிபட்டால் அது பெருங்கேடாய் முடியும். தளர்ந்த கால் இடறி வீழ்தலும் எளிது. ஆதலின் எதிரியோடு கோல் மோதும் போட்டி அவர்க்கு ஆகாது. ஆயினும் சிலம்பமென்பது மோதல் மட்டுமோ? கோலைக் கையில் தருமுன்னரே காலடிகளைப் பயிற்றுவது ஆசான்மார் மரபு. பின்னர்க் கோல் கைமாறிச் சுழல, இடக்கைக்கும் வலக்கைக்கும் சமமாக வேலை கிடைக்கின்றது.

வலிய கையே எல்லாம் செய்துவிட்டால் தளர்ந்த கை தன் தொழிலை மறந்துவிடும். அமெரிக்காவில் 222 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2006-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், நலமான கைக்கு உறையிட்டுத் தடுத்து, இரண்டு வாரம் தளர்ந்த கையையே இடைவிடாது பழக்கினர். அக்கை கண்ட முன்னேற்றம் ஓராண்டின் பின்னும் நிலைத்தது. அவர்கள் பயிற்றியது சிலம்பமன்று. ஆயினும் சோர்ந்த உறுப்பு பயிற்சியால் பயன்பெறும் என்பதற்கு அது சான்று. 1868-இல் பாரிசவாதத்தால் இடப்பக்கம் தளர்ந்த லூயி பாஸ்டர், 1885-இல் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து செலுத்துவித்ததையும் ஈண்டு நினைக்கின்றேன். அவரை நாற்காலியில் அமர்த்திக் கஞ்சி மட்டும் ஊட்டியிருந்தால் உலகுக்கு யாது பயன்?

நோயாளியிடத்து நாம் கொள்ளும் அன்பு பலகால் அவரைப் பொம்மையாக்கி விடுகின்றது. உண்ணல், உறங்கல், உலாவல் அனைத்தும் பிறர் ஏவலின் வழி நடக்க, அவர்தம் விருப்பத்தை மட்டும் எவரும் வினவார். பெதஸ்தா குளக்கரையில் முப்பத்தெட்டாண்டு கிடந்தவனைக் குணமாக்கு முன்னர், அவன் மனத்தைக் கேட்டறிந்தார் ஆண்டவர். ஞாயிறுதோறும் இத்தகைய பகுதிகளைக் கேட்டு வளர்ந்த யான், என் பெரியப்பாவை அவ்வாறு ஒருநாளும் கேட்டிலேன்.

மருத்துவரைக் கேட்டோம். குருதியழுத்தத்தை அளந்து பார்த்து, தனியே, மெல்ல, அருகில் ஒருவர் நிற்கப் பயிலலாம் என்றார். விடுமுறையில் பரணினின்று கோலை இறக்கித் தூசி துடைத்துக் கொடுத்தேன். முதனாள் அது இருமுறை கைநழுவி வீழ்ந்தது. குனிந்தெடுக்கச் சென்ற என்னைக் கண்ணாலேயே தடுத்துத் தாமே எடுத்தார். இப்பொழுது காலையில் கால் நாழிகை சுற்றுகின்றார். மாலையில் சிறுவர்க்குக் காலடி சொல்லித் தருகின்றார். வலக்கால் சற்றே இழுக்கின்றது. அதனையும் ஒரு காலடியென்றெண்ணிச் சிறுவர் சிலர் அவ்வாறே இழுத்து வைக்க, அவர்களைத் திருத்துவதே அவர்க்குப் பெரும்பாடாயிருக்கின்றது.