ஒரே ஒரு தப்பான ஷாட்... அடுத்த 5 நிமிடம் மனசுக்குள் என்ன நடக்கும்? கோல்ஃப் வீரர்கள் மீண்டு வருவது எப்படி?

2025 ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் உள்ள அகஸ்டா நேஷனல் மைதானத்தில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் தொடரின் கடைசி நாள். வடக்கு அயர்லாந்து வீரர் ரோரி மெக்கில்ராய் வசதியான முன்னிலையோடு 13ஆவது ஹோலுக்கு வருகிறார்.

ரிஸ்க் எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்து, இரண்டாவது ஷாட்டைப் பத்திரமான இடத்தில் நிறுத்துகிறார். மிச்சம் இருப்பது 100 யார்டுக்கும் குறைவான தூரம். அவரைப் போன்ற வீரருக்குக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற ஷாட். ஆனால், பந்து வலது பக்கம் விலகி, கிரீனுக்கு முன்னால் ஓடும் ஓடைக்குள் விழுந்துவிட்டது. டபுள் போகி. அடுத்த ஹோலிலும் ஒரு போகி. கையில் இருந்த முன்னிலை சில நிமிடங்களில் கரைந்துபோனது.

அன்று மாலை மாஸ்டர்ஸ் சாம்பியனுக்கான பச்சை கோட்டைப் போட்டுக்கொண்டதும் இதே மெக்கில்ராய்தான். இடையில் என்ன நடந்தது? ஒரு தப்பான ஷாட்டில் இருந்து மனசு எப்படி மீள்கிறது? இதில் திறமை எவ்வளவு, பயிற்சி எவ்வளவு? பார்க்கலாம்.

முதலில், கோல்ஃப் கணக்கு என்ன?

கோல்ஃபில் ஒரு சுற்றுக்கு 18 ஹோல்கள். ஒவ்வொரு ஹோலையும் இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதுதான் 'பார்'. அதைவிட ஒரு அடி குறைவாக முடித்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள். ஒரு அடி கூடினால் போகி, இரண்டு கூடினால் டபுள் போகி. பெரிய தொடர்களில் 4 நாட்களில் 4 சுற்றுகள் ஆட வேண்டும். மொத்தத்தில் யார் குறைவான அடிகளில் முடிக்கிறாரோ அவரே சாம்பியன்.

அதாவது, ஒரு தப்பான ஷாட்டை அழிக்கவே முடியாது. அது ஸ்கோர் கார்டில் கடைசி வரை இருக்கும்.

மற்ற விளையாட்டுகளில் இல்லாத சிக்கல் என்ன?

நேரம்தான் சிக்கல். கிரிக்கெட்டில் ஒரு பந்தில் சிக்ஸர் வாங்கிய பவுலர், ஒரு நிமிடத்துக்குள் அடுத்த பந்தை வீசியாக வேண்டும். கவலைப்படக்கூட நேரம் இருக்காது. கோல்ஃபில் நிலைமை தலைகீழ்.

ஒரு சுற்று முடிய 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் மட்டையைச் சுழற்றும் நேரம் ஒரு ஷாட்டுக்கு இரண்டு விநாடிகூட இருக்காது. 72 அடி அடித்தாலும் மொத்தமாக இரண்டரை நிமிடத்தைத் தாண்டாது. மிச்ச நேரமெல்லாம் நடப்பது, காத்திருப்பது, யோசிப்பது. தப்பான ஷாட் அடித்தவர், அந்தத் தப்பை நினைத்துக்கொண்டே பந்து விழுந்த இடம் வரை நடந்து போக வேண்டும். மனசு விளையாட ஆரம்பிப்பது இங்கதான்.

அதோடு, மாற்று வீரர் கிடையாது. ஆட்டத்துக்கு நடுவே கோச் வந்து பேச முடியாது. தனிநபர் போட்டியில் ஒரு வீரர் ஆலோசனை கேட்க விதிகள் அனுமதிப்பது ஒரே ஒருவரிடம்தான். அவர் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கும் கேடி.

ஒரு தப்பு, இரண்டாவது தப்பாக மாறுவது எப்படி?

பெரும்பாலும் மூன்று வழிகளில் நடக்கிறது.

முதலாவது, 'அங்க மட்டும் போயிடக் கூடாது' என்ற நினைப்பு. உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் ஒரு பிரபலமான ஆய்வை வெளியிட்டார். வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று சொன்னால், அதைத்தான் மனசு திரும்பத் திரும்ப நினைக்கிறது என்று அது காட்டியது. தண்ணீரில் ஒரு பந்தை இழந்தவர் 'தண்ணீர் வேண்டாம், தண்ணீர் வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டு நின்றால், கண்ணுக்குத் தெரிவது தண்ணீர் மட்டும்தான்.

இரண்டாவது, அளவுக்கு மீறிய கவனம். ஒரு ஷாட் தவறியதும், 'முழங்கை சரியா இருந்துச்சா, மணிக்கட்டு திரும்பிடுச்சா' என்று வீரர் தன் உடம்பைத் தானே கண்காணிக்க ஆரம்பிப்பார். உளவியலாளர் சியான் பெய்லாக்கும் அவரது சக ஆய்வாளர்களும் கோல்ஃப் புட்டிங்கை வைத்து இதைச் சோதித்தார்கள். புதிதாகக் கற்பவர்களுக்கு நிதானமும் கவனமும் உதவின. கைதேர்ந்தவர்களோ, வேகமாக அடிக்கச் சொன்னபோதுதான் நன்றாக ஆடினார்கள். ஆயிரக்கணக்கான முறை அடித்து உடம்புக்குப் பழகிய ஒரு விஷயத்தை, மூளை நடுவில் புகுந்து கெடுத்துவிடுகிறது என்பதுதான் இதன் பொருள்.

மூன்றாவது, போனதை ஒரே அடியில் மீட்க நினைப்பது. மரங்களுக்கு நடுவே மாட்டிய பந்தைப் பக்கவாட்டில் தட்டி வெளியே எடுத்தால் ஒரு அடிதான் நஷ்டம். ஆனால் கோபத்தில் இருப்பவருக்கு, இரண்டு மரங்களுக்கு இடையே இருக்கும் சின்ன இடைவெளி பெரிய கதவு மாதிரி தெரியும்.

1999இல் கர்னூஸ்டியில் என்ன ஆச்சு?

இதற்கு இன்றும் சொல்லப்படும் உதாரணம் பிரான்ஸ் வீரர் ஜான் வான் டி வெல்ட். 1999இல் ஸ்காட்லாந்தின் கர்னூஸ்டி மைதானத்தில் ஓபன் சாம்பியன்ஷிப் நடந்தது. கடைசி ஹோலுக்கு வரும்போது அவருக்கு 3 அடி முன்னிலை. டபுள் போகி போட்டால்கூட கோப்பை அவருக்குத்தான்.

முதல் ஷாட்டே வழிதவறி வலது பக்கம் போனது. அப்போதாவது பந்தைச் சின்னதாகத் தட்டிப் பத்திரமாக ஆடியிருக்கலாம். அவர் கிரீனை நோக்கி நேராக அடித்தார். பந்து பார்வையாளர் மாடத்தில் பட்டுத் திரும்பி அடர்ந்த புல்லில் விழுந்தது. அடுத்த ஷாட் ஓடைக்குள். காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டு அவர் தண்ணீரில் இறங்கி நின்ற காட்சியை உலகமே பார்த்தது. தண்ணீரில் கிடந்த பந்தை அடிக்காமல் அபராத அடியை ஏற்றுக்கொண்டார். அதற்கடுத்த ஷாட் மணல் பங்கருக்குள். கடைசியில் 7 அடியில் முடித்தார். பிளே-ஆஃபில் பால் லாரி கோப்பையைத் தட்டிச் சென்றார்.

முதல் ஷாட் தவறியது பிரச்னையே இல்லை. அதற்குப் பிறகு எடுத்த முடிவுதான் பிரச்னை.

ஒரே வீரர், இரண்டு நாட்கள்: ஸ்பீத்தின் கதை

அமெரிக்க வீரர் ஜோர்டன் ஸ்பீத் 2016 மாஸ்டர்ஸில் நடப்பு சாம்பியன். கடைசி நாளில் 9 ஹோல்கள் முடிந்தபோது 5 அடி முன்னிலை. 10, 11 இரண்டிலும் போகி. 3 அடியில் முடிக்க வேண்டிய 12ஆவது ஹோலில் இரண்டு பந்துகளைத் தண்ணீரில் போட்டு 7 அடி எடுத்தார். கோப்பை இங்கிலாந்தின் டேனி வில்லெட்டுக்குப் போனது.

அடுத்த ஆண்டு, 2017 ஜூலை. இங்கிலாந்தின் ராயல் பிர்க்டேல் மைதானத்தில் ஓபன் சாம்பியன்ஷிப். கடைசி நாள், 13ஆவது ஹோல். ஸ்பீத் அடித்த பந்து வலது பக்கம் வெகுதூரம் விலகி மணல்மேட்டில் போய் மாட்டிக்கொண்டது. 'அவ்ளோதான், மறுபடியும் அதே கதை' என்று டிவி பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

இந்த முறை அவர் அவசரப்படவில்லை. அந்தப் பந்தை அடிக்க முடியாது என்று அறிவித்து, ஓர் அபராத அடியை ஏற்றுக்கொண்டார். விதிப்படி எங்கே பந்தை வைக்கலாம் என்று கேடி மைக்கேல் கிரெல்லரோடும் அதிகாரிகளோடும் பேசி, பயிற்சித் திடல் வரை பின்னால் போனார். சுமார் 20 நிமிடம் ஆட்டமே நின்றது. கடைசியில் போகியோடு தப்பித்தார். முன்னிலை போனாலும், ஒரு அடிதான் பின்தங்கியிருந்தார்.

அடுத்த நான்கு ஹோல்கள்: பேர்டி, ஈகிள், பேர்டி, பேர்டி. 3 அடி வித்தியாசத்தில் சாம்பியன்.

இரண்டு நாளிலும் பெரிய தப்பு நடந்தது. ஆனால் பிர்க்டேலில், நஷ்டத்தை ஒரு அடியோடு நிறுத்தினார். அதுதான் அவரை ஆட்டத்தில் வைத்திருந்தது.

டைகர் உட்ஸின் '10 அடி' கணக்கு

தப்பான ஷாட்டுக்குக் கோபமே வரக் கூடாதா? அப்படி யாரும் சொல்வதில்லை. கோபத்துக்கு ஒரு எல்லை வேண்டும் என்பதுதான் விஷயம். டைகர் உட்ஸ் இதற்கு ஒரு பழக்கம் வைத்திருந்தார். ஷாட் அடித்த இடத்தில் இருந்து 10 அடி எடுத்து வைப்பதற்குள் கோபம், புலம்பல் எல்லாம் முடிந்துவிட வேண்டும். அந்தக் கற்பனைக் கோட்டைத் தாண்டிவிட்டால், அடுத்த ஷாட் பற்றி மட்டும்தான் பேச்சு.

2020 மாஸ்டர்ஸ் கடைசி நாளில் இதைப் பார்க்க முடிந்தது. ஸ்பீத் சறுக்கிய அதே 12ஆவது ஹோலில், டைகர் மூன்று பந்துகளைத் தண்ணீரில் இழந்து 10 அடி எடுத்தார். கோப்பை வாய்ப்பு ஏற்கெனவே இல்லை. வயது 44. சும்மா ஆடி முடித்துவிட்டுப் போயிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மிச்சமிருந்த 6 ஹோல்களில் 5 பேர்டி அடித்தார்.

இந்த மாதிரி மீட்சிக்குத் தனிப் புள்ளிவிவரமே இருக்கிறது. ஒரு ஹோலில் பாரைவிட மோசமாக ஆடிய வீரர், அடுத்த ஹோலிலேயே பாரைவிட நன்றாக ஆடுவது எத்தனை சதவீதம் என்பதை பிஜிஏ டூர் 'பவுன்ஸ் பேக்' என்ற பெயரில் கணக்கு வைக்கிறது.

மெக்கில்ராய்க்கு வருவோம்

அகஸ்டாவில் அவருக்குப் பழைய காயம் இருந்தது. 2011இல், 21 வயதில், 4 அடி முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கி 80 அடி எடுத்துச் சரிந்தார். இரண்டே மாதத்தில் யுஎஸ் ஓபனை 8 அடி வித்தியாசத்தில் வென்று எழுந்தார். ஆனால் 2014க்குப் பிறகு நான்கு பெரிய தொடர்களில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. 2024 யுஎஸ் ஓபனில் கடைசி மூன்று ஹோல்களில் மிகக் குறைந்த தூரத்தில் இருந்து இரண்டு புட்களைத் தவறவிட்டு, ஒரே அடியில் தோற்றார். அன்று பத்திரிகையாளர்களிடம் பேசாமலேயே கிளம்பிப் போனவர், சில வாரங்கள் ஓய்வு எடுத்துக்கொண்டார்.

அந்த மனிதருக்குத்தான் 2025இல் முதல் ஹோலிலேயே டபுள் போகி, 13இல் இன்னொன்று. உடனே மீண்டாரா என்றால், இல்லை. 14இல் மறுபடியும் ஒரு அடி போனது.

15ஆவது ஹோலில்தான் மாற்றம். வழியை மரங்கள் மறைத்தன. கிரீனுக்கு முன்னால் குளம். பந்தை மரங்களைச் சுற்றி இடது பக்கம் வளைத்து, 200 யார்டுக்கு மேல் பறக்கவிட்டு, குழியில் இருந்து சில அடி தூரத்தில் நிறுத்தினார். பேர்டி. 17இல் இன்னொரு பேர்டி.

இங்கே ஒரு கேள்வி வரும். வான் டி வெல்ட் துணிந்து அடித்தது தப்பு, மெக்கில்ராய் துணிந்து அடித்தது மட்டும் சரியா? வித்தியாசம் தேவையில் இருக்கிறது. ஒருவருக்குக் கையில் 3 அடி மிச்சம் இருந்தது. ரிஸ்க்குக்கு அவசியமே இல்லை. இன்னொருவருக்கு அடிகள் தேவைப்பட்டன. பந்தை வளைத்து அடிப்பது அவருக்குக் கைவந்த ஷாட். முடிவை எடுக்க வேண்டியது அந்த நேரத்து நிலவரம், முந்தைய ஷாட்டின் கோபம் அல்ல.

ஆனாலும் கதை முடியவில்லை. 18இல் குட்டி புட் ஒன்றைப் போட்டிருந்தால் கோப்பை. அதையும் தவறவிட்டார். ஜஸ்டின் ரோஸுடன் சமநிலை, பிளே-ஆஃப். மறுபடியும் அதே 18ஆவது ஹோலுக்குப் போக வேண்டும்.

அங்கே போகும்போது கேடி ஹாரி டயமண்ட் ஒரு விஷயம் சொன்னார். 'திங்கட்கிழமை காலையில் யாராவது இந்த நிலைமையைத் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் வாங்கியிருப்போம்தானே' என்பதுதான் அதன் சாரம். சின்ன வயது நண்பர் சொன்ன அந்த வார்த்தை மனசைத் திருப்பிவிட்டதாக மெக்கில்ராய் பின்னர் சொன்னார். பார்த்தால் சாதாரணப் பேச்சு. ஆனால் 'கோப்பையைத் தவறவிட்டேன்' என்ற நினைப்பை, 'கோப்பைக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கு' என்று அது மாற்றியது.

பிளே-ஆஃபில் குழிக்கு மிக அருகில் பந்தை நிறுத்தி, பேர்டி போட்டு வென்றார். நான்கு பெரிய தொடர்களையும் வென்ற 6ஆவது வீரர் ஆனார். அந்த வாரத்தில் மட்டும் அவர் போட்ட டபுள் போகிகள் 4.

எல்லாம் மனசுதானா?

இல்லை. மரத்தைச் சுற்றிப் பந்தை வளைக்கும் திறமை இல்லாதவருக்கு மன உறுதி மட்டும் கைகொடுக்காது. மீண்டுவிட்டால் வெற்றி நிச்சயம் என்றும் இல்லை. 2016இல் அந்த 7 அடிக்குப் பிறகு ஸ்பீத் 13, 15இல் பேர்டி அடித்தார். அப்படியும் 3 அடியில் தோற்றார். மீள்வது என்பது, மிச்சம் இருக்கும் ஆட்டத்தையும் இழக்காமல் இருப்பது. அவ்ளோதான்.

மைதானத்தில் செய்யக்கூடியது என்ன?

* கோபத்துக்கு ஒரு கோடு: இத்தனை அடி நடக்கும் வரை, அல்லது மட்டையைப் பைக்குள் வைக்கும் வரை. அதற்கு மேல் இல்லை.
* நஷ்டத்தை ஒரு அடியோடு நிறுத்துவது: பந்து மாட்டிக்கொண்டால், முதலில் வெளியே எடுக்கும் வழியைப் பார்க்க வேண்டும்.
* எங்கே போகக் கூடாது என்பதை விட்டு, எங்கே போக வேண்டும் என்று ஒரு சின்ன இலக்கைத் தேர்ந்தெடுப்பது.
* ஸ்விங்கை நடு ஆட்டத்தில் பழுதுபார்க்காமல் இருப்பது. அதற்கு நாளைக்குப் பயிற்சித் திடல் இருக்கிறது.
* வழக்கமான முறையை மாற்றாமல் இருப்பது: எப்போதும் இரண்டு முறை ஒத்திகை பார்ப்பவர், தப்புக்குப் பிறகும் இரண்டு முறைதான் பார்க்க வேண்டும். முறை வந்ததும் 40 விநாடிக்குள் அடித்துவிட வேண்டும் என்றுதான் விதிப் புத்தகமும் பரிந்துரைக்கிறது.

கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் இந்த நிலைமை புதுசு இல்லை. நேர்காணலில் முதல் கேள்விக்கு உளறிவிட்டு, இரண்டாவது கேள்வி காதிலேயே விழாமல் உட்கார்ந்திருந்தவர்கள் நிறைய பேர். முதல் பதில் போனது போனதுதான். ஆனால் அந்த இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.