இரண்டு ‘நாம்’களுக்கு வெளியே வண்டிப்பெரியார்

தமிழில் தன்மைப் பன்மை இரு வகைப்படும். கேட்பவரையும் உட்படுத்துவது ‘நாம்’. அவரை விலக்கி நிற்பது ‘நாங்கள்’. மலையாளத்திலும் ‘நம்மள்’, ‘ஞங்ஙள்’ என அவ்வேறுபாடு உண்டு. (கன்னடம் இதை இழந்துவிட்டது.) முல்லைப் பெரியாறு குறித்த தொலைக்காட்சி விவாதங்களின் தரத்தை அளக்க இந்த இலக்கணமே போதும். நெறியாளர் ‘நாம்’ என்னும்போது யார் உள்ளே இருக்கிறார், யார் வெளியே நிறுத்தப்படுகிறார்?

2011 இறுதியில் இடுக்கியில் நில அதிர்வுகள், ‘டேம் 999’ திரைப்படம், குமுளி எல்லையில் மோதல்கள். மலையாளத் திரைகளில் அணை ‘ஜலபோம்ப்’ ஆயிற்று. வெடிகுண்டின் உறுதியை எவரும் ஆராய்வதில்லை. அகற்று என்று மட்டுமே சொல்ல முடியும். உருவகமே வாதத்தை முடித்துவிடுகிறது. தமிழ்த் திரைகளில் அந்த வேலையைச் செய்தது ‘துரோகம்’. 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டபோது ஆட்சியில் இருந்தவர் யார், பிறகு வாளாவிருந்தவர் யார் என்பதே அங்கு முதன்மைக் கேள்வி. ஜெயா, கலைஞர், கைரளி, ஜெய்ஹிந்த் ஆகியவை எந்தெந்தக் கட்சியின் நிழலில் நிற்கின்றன என்பதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் கேரளத்தில் இவ்விஷயத்தில் கட்சி வேற்றுமை கரைந்துவிடுகிறது. உரத்துப் பேசுவதில் மட்டுமே போட்டி. இதை ஒற்றுமை என்று பாராட்டுவது கடினம்.

1979க்குப் பின் அணையின் தலைப்பில் கான்கிரீட் இடப்பட்டது, கம்பிவடங்கள் இறக்கிக் கட்டப்பட்டன, பின்புறம் புதிய கான்கிரீட் அணைவு எழுப்பப்பட்டது. இவை போதுமா என்பது நேர்மையான கேள்வி. ஒரு பொறியாளரை இடைமறிக்காமல் பத்து நிமிடம் பேசவிட்டால் பார்வையாளருக்குப் பாதியேனும் விளங்கும். நால்வரை ஒரே நேரத்தில் கத்தவிடும் அமைப்பில் அந்தப் பத்து நிமிடத்துக்கு இடமில்லை.

அவ்வாண்டு டிசம்பரில் கேரளத்தின் அட்வகேட் ஜெனரல் தண்டபாணி, முல்லைப் பெரியாறு உடைந்தாலும் அந்நீரை இடுக்கி அணைத்தொகுதி தாங்கும் என்ற பொருளில் உயர் நீதிமன்றத்தில் கூறினார். கேரளத்தில் அவரை நீக்கக் கோரும் குரல்கள் எழுந்தன. தமிழகத்தில் அதுவே சான்றாயிற்று. அக்கூற்றிலுள்ள உண்மையான ஓட்டையோ நிலவியல் சார்ந்தது. இடுக்கி நீர்த்தேக்கத்தை அடையுமுன் நீர் கடக்க வேண்டிய ஊர்கள் உள்ளன: வண்டிப்பெரியார், சப்பாத்து, உப்புத்தறை. இதைக் கையிலெடுத்துக் கொண்டாடிய தமிழ் நெறியாளர், அந்த ஊர்களில் தமிழரும் வாழ்கின்றனர் என்பதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

வண்டிப்பெரியார்த் தோட்ட லயங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்த் தொழிலாளி மலையாளச் செய்தியும் தமிழ்ச் செய்தியும் பார்ப்பவர். அணை உடைந்தால் முதலில் நனைவது அவர் வாசல். அணை வற்றினால் காய்வது கம்பம் பள்ளத்தாக்கில் அவருடைய உறவினரின் வயல். அச்சத்தைச் சொன்னால் தமிழ்த் திரைக்கு அவர் கேரளத்தின் குரல். நீரைச் சொன்னால் மலையாளத் திரைக்கு அவர் ‘தமிழன்’. 2011இல் இடுக்கித் தோட்டங்களிலிருந்து அஞ்சி வெளியேறித் தேனி மாவட்டத்தை அடைந்த தமிழ்த் தொழிலாளரைத் தமிழ் அலைவரிசைகள் ஓயாது காட்டின. பதற்றம் தணிந்தபின் அவர்கள் திரும்பியதும் காமிராக்கள் அகன்றன.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி உறுதி செய்தது. 2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவுக்குப் பிறகு அணை மீண்டும் திரைக்கு வந்தது, ‘ஜலபோம்ப்’ என்ற அதே பெயருடன். மழைக்கு ஒழுகும் லயக்கூரைகள் அப்போதும் எந்த இரவு விவாதத்துக்கும் தலைப்பாகவில்லை.