பெட்ரோல் விலை: ஏறினால் சந்தை, இறங்கினால் சர்க்காரா?

“கச்சா எண்ணெய் விலை குறைஞ்சிடுச்சுன்னு டிவியில சொல்றாங்க... பங்க்ல மட்டும் ஏன் குறையல?” ஷேர் ஆட்டோ ஓட்டுபவர் முதல் காய்கறி வண்டி வைத்திருப்பவர் வரை பலரும் கேட்கும் கேள்வி இது. விவரம் தெரியாமல் கேட்கிறார்கள் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. உலகச் சந்தையோடு சேர்ந்து விலை ஏறும், இறங்கும் என்று அவர்களிடம் சொன்னதே அரசுதான்.

சொன்னது என்ன?

பெட்ரோல் விலையை நிர்ணயிக்கும் பொறுப்பிலிருந்து மத்திய அரசு 2010 ஜூனில் விலகியது. டீசலுக்கு 2014 அக்டோபரில் அதே முடிவு வந்தது. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினசரி விலை மாற்றம் அமலானது. சந்தை குறைந்தால் அந்தப் பலன் உடனே மக்களுக்குக் கிடைக்கும் என்பதுதான் அப்போது வைக்கப்பட்ட வாதம்.

நடந்தது என்ன?

2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தால் கச்சா எண்ணெய் விலை தரைதட்டியது. அமெரிக்கச் சந்தையில் ஒருநாள் பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது. பங்க்கில் பெட்ரோல் மலிவாகியிருக்க வேண்டும். ஆனால், மே மாதத்தில் மத்திய அரசு பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் வரியை உயர்த்தி, குறைந்த விலையின் பலனைத் தானே எடுத்துக்கொண்டது. அதே மாதம் தமிழக அரசும் மதிப்புக் கூட்டு வரியை உயர்த்த, சென்னையில் பெட்ரோல் விலை 3 ரூபாய்க்கு மேல் ஏறியது. உலகமே எண்ணெயை வாங்க ஆளில்லாமல் தவித்தபோது, இங்கே விலை உயர்ந்தது!

2014-ன் தொடக்கத்தில் பெட்ரோலுக்கான மத்திய கலால் வரி லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசு. டீசலுக்கு 3 ரூபாய் 56 காசு. 2020 மே மாதத்தில் இவை முறையே 32 ரூபாய் 98 காசு, 31 ரூபாய் 83 காசு என்று ஆயின. 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைக்கப்பட்ட பிறகும்கூட பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

“டாலருக்கு எதிரான ரூபாய் மதிப்பு சரிந்ததை மறந்துவிட்டீர்களா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதையும் சேர்த்தே கணக்குப் போடலாம். 2014 மே மாதத்தில் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் சுமார் 6,300 ரூபாய். டெல்லியில் பெட்ரோல் 71 ரூபாய். 2025 ஏப்ரல் தொடக்கத்தில் பீப்பாய் சுமார் 5,600 ரூபாய். பெட்ரோல் 94 ரூபாய்க்கும் மேல். மூலப்பொருள் ரூபாய்க் கணக்கிலேயே மலிவாகியும் பெட்ரோல் விலை ஏறியிருக்கிறது. போதாக்குறைக்கு, அதே 2025 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் கலால் வரி மேலும் உயர்த்தப்பட்டது. சில்லறை விலை மாறவில்லை என்பதை அரசு ஆறுதலாகச் சொன்னது. குறைந்திருக்க வேண்டிய விலை ஏன் குறையவில்லை என்பதற்கு அது பதில் ஆகாது.

பழைய கடன் காரணமா?

முந்தைய ஆட்சி விட்டுச் சென்ற எண்ணெய்ப் பத்திரக் கடன்தான் வரியைக் குறைக்கத் தடை என்று 2021-ல் சொல்லப்பட்டது. அந்தப் பத்திரங்களின் மதிப்பு சுமார் 1.3 லட்சம் கோடி ரூபாய். 2020-21 என்ற ஒரே நிதியாண்டில் பெட்ரோலியப் பொருட்கள் மூலம் கிடைத்த மத்திய கலால் வரியோ சுமார் 3.7 லட்சம் கோடி ரூபாய்.

இந்த வரியில் பெரும்பகுதி கூடுதல் வரி, செஸ் என்ற பெயரில் இருப்பதால் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. 2022 மே குறைப்புக்குப் பின் பெட்ரோல் மீதான 19 ரூபாய் 90 காசில், பகிர்வுக்கு உரிய அடிப்படைக் கலால் வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. ஆகவே, ‘மாநிலங்கள் வரியைக் குறைக்கட்டும்’ என்று சொல்வது பாதி நியாயம்தான்.

நிறுவனங்களின் கணக்கு

சில்லறை விற்பனையில் பெரும்பங்கு மூன்று பொதுத்துறை நிறுவனங்களிடம் இருக்கிறது. விலையைத் தாங்களே முடிவுசெய்வதாக அவை சொல்கின்றன. ஆனால், 5 மாநிலத் தேர்தல்களையொட்டி 2021 நவம்பர் முதல் 137 நாட்கள் தினசரி விலை நகரவே இல்லை. தேர்தல் முடிந்ததும் 16 நாட்களில் 14 முறை ஏறி, லிட்டருக்கு 10 ரூபாய் கூடியது. அதன்பின் நிறுவனங்கள் மீண்டும் விலையை நிறுத்திவைத்தன. அதில் 2022-ல் நஷ்டம் வந்தது உண்மை. ஆனால், 2023-24-ல் மூன்றுக்கும் சேர்த்து சுமார் 81,000 கோடி ரூபாய் லாபம் வந்தபோது கிடைத்த குறைப்பு 2 ரூபாய். அதுவும் மக்களவைத் தேர்தல் தேதி அறிவிக்கப்படுவதற்கு முந்தைய நாள்!

தனியார் கதை வேறு. 2022-ல் உள்நாட்டில் விற்றால் நஷ்டம், ஏற்றுமதி செய்தால் கொள்ளை லாபம் என்ற நிலை வந்ததும் பல தனியார் பங்க்குகள் விற்பனையைச் சுருக்கின. எல்லாப் பங்க்குகளும் மக்களுக்கு எரிபொருள் வழங்கியே ஆக வேண்டும் என்று அரசு ஜூனில் விதியை விரிவுபடுத்த நேர்ந்தது. ஜூலையில் ஏற்றுமதி மீது சிறப்பு வரியும் போடப்பட்டது.

வாங்கித்தான் பிழைப்பு

எண்ணெய் இறக்குமதியை 2022-க்குள் 10 சதவீதம் குறைப்போம் என்று பிரதமர் மோடி 2015-ல் இலக்கு வைத்தார். அப்போது தேவையில் சுமார் 77 சதவீதம் வெளிநாட்டிலிருந்து வந்தது. 2023-24-ல் அது 87 சதவீதத்தைத் தாண்டியது. உள்நாட்டு உற்பத்தியும் 10 ஆண்டுகளில் சுமார் 3.8 கோடி டன்னிலிருந்து 2.9 கோடி டன்னாகச் சரிந்தது. பழைய வயல்கள் வற்றுவது ஒரு காரணம். ஆனால், புதிய எண்ணெய் தேட வேண்டிய ஓ.என்.ஜி.சி. நிறுவனம், 2018 ஜனவரியில் கடன் வாங்கி 36,915 கோடி ரூபாய்க்கு ஹெச்.பி.சி.எல். பங்குகளை அரசிடமிருந்து வாங்கியது. பங்கு விற்பனை இலக்கை எட்ட அரசுக்கு அது உதவியது; பூமிக்கடியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய்கூட அதனால் கூடவில்லை.

என்ன செய்யலாம்?

கச்சா எண்ணெய் ஒரு அளவைத் தாண்டினால் வரி தானாகக் குறையும், இறங்கினால் ஓரளவு ஏறும் என்று சட்டப்படி ஒரு விதி வகுக்கலாம். ஒரு லிட்டரில் கச்சா எண்ணெய்க்கு எவ்வளவு, நிறுவனத்துக்கு எவ்வளவு, மத்திய, மாநில அரசுகளுக்கு எவ்வளவு என்பதைப் பங்க்கிலேயே பலகையில் எழுதிவைக்கலாம். வரிப் பணத்தில் ஒரு பகுதியைப் பேருந்துக்கும் ரயிலுக்கும் ஒதுக்கினால், எண்ணெய்த் தேவையே குறையும்.

டீசல் விலை லாரி வாடகையில் ஏறி, தக்காளி விலையில் வந்து நிற்கிறது. ஏறும்போது சந்தையைக் கைகாட்டும் அரசு, இறங்கும்போதும் அதே சந்தையை மதிக்க வேண்டும். “பங்க்ல மட்டும் ஏன் குறையல?” என்று கேட்பவருக்கு, அதுதான் நேர்மையான பதில்.