பூனைகள் ஆடிய கூத்து

ஜப்பான் தேசத்தில், கியூஷூ தீவின் மேற்குக் கரையில் மினமாட்டா என்று ஓர் ஊர். 1950-க்குப் பின் சில வருஷங்களில் அவ்வூர்ப் பூனைகளுக்கு விபரீத வியாதி ஒன்று கண்டது. தள்ளாடும், சுழன்று ஆடும், விழுந்து மாளும். 1956-ல் அதே குறிகளுடன் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நடை தடுமாறியது, பேச்சுக் குழறியது. பூனைக்கும் குழந்தைக்கும் பொதுவான ஆகாரம் ஒன்றே, வளைகுடா மீன்.

கரையிலிருந்த சிஸ்ஸோ ரசாயனத் தொழிற்சாலை 1932 முதல் பாதரசம் கலந்த கழிவு ஜலத்தைக் கடலில் விட்டு வந்தது. பாதரசம் கனத்த உலோகமாயிற்றே, அடியில் தங்கிவிடாதா என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்தோம். அங்கே கழிவோடு போனது வெறும் பாதரசம் அல்ல; தொழிற்சாலைக்குள்ளேயே உண்டான மெதில் பாதரசம். மற்ற இடங்களில் சேற்றிலுள்ள நுண்ணுயிர்களே சாதாரணப் பாதரசத்தை அவ்விதம் மாற்றிவிடுகின்றன. செவுள் வழியாக மீனுக்குள் செல்வது சிறிதளவே. பெரும்பகுதி இரையோடு போகிறது. கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களைச் சிறு மீன் தின்கிறது. சிறு மீன்களைப் பெரிய மீன் தின்கிறது. ஒவ்வொரு படியிலும் விஷம் ஏறுகிறது. அது தசையிலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் எளிதில் வெளியேறுவதில்லை. குடலை எடுத்தாலும், தோலை உரித்தாலும், புளி விட்டுக் கொதிக்க வைத்தாலும் போகாது.

1959-ல் தொழிற்சாலை ஆஸ்பத்திரியின் வைத்தியரான ஹொசொகாவா ஹாஜிமே, அந்தக் கழிவையே ஆகாரத்தில் கலந்து பூனைக்குக் கொடுத்தார். பூனை ஆடியது. முடிவு வெளிவராமல் கம்பெனி மறைத்தது. அவ்வருஷக் கடைசியில் ஜலத்தைச் சுத்தி செய்ய ஒரு யந்திரம் அமைத்து விழாவும் கொண்டாடினார்கள். அது பாதரசத்தை நீக்குவதற்காக அமைந்ததே அன்று! 1968 வரை விஷம் கடலில் விழுந்துகொண்டே இருந்தது. சர்க்கார் காரணத்தை ஒப்புக்கொண்டதும் அவ்வருஷந்தான்.

நம் மனத்தை விட்டு அகலாதது வேறொன்று. சில தாய்மார்களுக்கு நோய்க் குறி ஏதும் பெரிதாகத் தோன்றவில்லை. அவர்கள் பெற்ற சிசுக்களோ அங்கம் முறுக்கிப் பிறந்தன. கருவைக் காக்கும் நஞ்சுக்கொடி விஷத்தைத் தடுத்துவிடும் என்று வைத்தியர்கள் அதுவரை நம்பியிருந்தார்கள். தாயின் உடலில் சேர்ந்ததை அது சிசுவுக்கே கொண்டு சேர்த்துவிட்டது.

வளைகுடாவின் வாயில் 1974-ல் மீன்கள் வெளியேறாதபடி வலை கட்டினார்கள். அதை அகற்றியது 1997-ல்.